முன்னோர் வைத்த காசு பொன்தானா?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நம் அங்கத்தினர் வீடுகளில் அரிசிப் பானையின் அடியிலோ, பூசைப் பெட்டியிலோ, தறிக்கு அருகேயுள்ள மாடக்குழியிலோ, மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு ஒன்று இருப்பது புதிதன்று. அது பாட்டனார் வைத்தது. ஆபத்துக்கு உதவும் என்று சொல்லி வைத்தது. அதை எவரும் எடை போட்டதில்லை. உரைத்துப் பார்த்ததும் இல்லை. பெரியவர் வைத்த பொருளைச் சோதிப்பது அவர் சொல்லைச் சோதிப்பதாகும் என்னும் கூச்சமே இதற்குக் காரணம். ஆனால், அவசரம் வந்த நாளில் அந்த முடிச்சை அவிழ்க்கும்போதுதான், அது பொன்னா அன்றா என்னும் கேள்வி எழுகிறது. அந்த நேரத்தில் விடை பாதகமாக வந்தால், பொருள் நஷ்டத்தோடு மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளுகிறது. அவ்வாறு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, காசைச் சோதிக்கும் முறைகளையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இரு சகோதரர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆய்வுக்குச் சென்றிருந்த கடன் சங்கம் ஒன்றில் இது நடந்தது. அவ்வூரில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் தகப்பனாரின் தறியை ஏற்று நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பவர். இளையவர் இரண்டு ஏக்கர் நிலத்தில் நிலக்கடலை பயிரிடுபவர். விதைப்புக்கு முன் கிணற்று மோட்டார் பழுதுபட்டுவிட்டது. இளையவர் தம் பங்காக வந்த காசை எடுத்துக்கொண்டு, நகைக் கடன் கேட்டுச் சங்கத்துக்கு வந்தார்.

நகை மதிப்பீட்டாளர் காசைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். நாணயங்களை ஈடாக ஏற்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு உண்டு என்பது ஒருபுறமிருக்க, “இது பொன்னே அன்று” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இளையவருக்குக் கோபம் மதிப்பீட்டாளர்மேல் எழவில்லை, அண்ணன்மேல் எழுந்தது. “ஐயா, அப்பா இரண்டு காசு வைத்துவிட்டுப் போனார். நல்லதை அண்ணன் எடுத்துக்கொண்டு, எனக்குப் போலியைத் தள்ளிவிட்டார். இத்தனை வருஷம் என்னை ஏமாற்றிவிட்டார்” என்றார். சங்கத்தின் திண்ணையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல் தெருவுக்குப் போய்விட்டால் திரும்பாது என்பதை உணர்ந்து, “தம்பி, அண்ணனையும் அவர் காசையும் வரவழைப்போம், இரண்டையும் எல்லோர் முன்னும் சோதிப்போம், அதுவரை ஒரு சொல்லும் பேச வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டேன். பிற்பகலில் மூத்தவர் தம் காசோடு வந்தார். அவருடன் அவர்களுடைய வயது முதிர்ந்த அத்தையும் வந்திருந்தார்.

எழுத்தைப் படித்தல்

சோதனையின் முதற்படிக்குத் தராசும் வேண்டாம், திராவகமும் வேண்டாம், கண் போதும். காசில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூத்தவரின் காசு மங்கி, அழுக்கேறி இருந்தது. ஒரு பக்கம் சிறு மகுடமும் முக்காடும் அணிந்த விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் குதிரைமேலிருந்து வேதாளத்தைக் கொல்லும் புனித ஜார்ஜின் உருவம். அதன் கீழே 1887 என்னும் ஆண்டு. மகாராணி பட்டமேறிய ஐம்பதாம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி, புதிய தலையுருவோடு வெளியிட்ட ‘சாவரின்’ என்னும் பிரிட்டிஷ் பொற்காசின் உருவம் அது. புனித ஜார்ஜின் உருவத்தைச் செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்னும் இத்தாலியச் சிற்பி. காசின் விலை இன்னதென்று அதில் எங்கும் எழுதியிருப்பதில்லை. அதன் பொன்னே அதன் விலை.

இளையவரின் காசு பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் காந்தியடிகளின் முகமும் 1869, 1948 என்னும் ஆண்டுகளும். மறுபக்கம் அசோகச் சிங்கமும் 20 என்னும் எண்ணும். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட நினைவு நாணயம் இது. அந்த வரிசையில் பத்து ரூபாய் நாணயம் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி கொண்டது. ஒரு ரூபாயும் ஐம்பது காசும் நிக்கலால் ஆனவை. இருபது காசு மட்டும் அலுமினிய வெண்கலம். அதாவது, பெரும்பங்கு செம்பும் சிறுபங்கு அலுமினியமும் கலந்த மஞ்சள் நிற உலோகம். அந்த வரிசையில் பொன் இல்லவே இல்லை.

“இருபது காசு என்று எழுதியிருக்கும்போது அது பொன் என்று எப்படி நம்பினீர்கள்?” என்று கேட்டேன். “அந்தக் காசில் அரசாங்கம் தங்கம் கலந்து அடித்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஐயா” என்றார் அவர். மஞ்சள் நிற இருபது காசைப் பற்றிய இந்தப் பேச்சை நானும் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். ஊர்ப்பேச்சு மாற்றுக் காட்டாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பொன்னைக் கலந்து இருபது காசுக்கு ஓர் அரசாங்கம் விற்குமாயின், அதை மறுநாளே உருக்கி இலாபம் காண்போர் வரிசையில் நிற்பார்கள் அன்றோ? இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்தவையும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு செல்லாதனவாக அறிவிக்கப்பட்டுவிட்டமையால், இன்று அதற்குப் பணமதிப்பும் இல்லை.

எடையும் அளவும்

எழுத்தைக் கண்டு முடிவு செய்தால் போதுமா எனில், போதாது. மகாராணியின் தலையைப் பித்தளையிலும் அடிக்கலாம். சாவரினைப் போலவே வார்த்த போலிகள் உலகெங்கும் உண்டு. காசுமாலைக்காக ஆசாரிகள் ராணித் தலையோடு செய்த காசுகளும் நம் நாட்டில் உண்டு. அவற்றில் சில நல்ல பொன்னாகவும் இருக்கும், ஆனால் மாற்று வேறாக இருக்கும். ஆகவே இரண்டாம் படி, எடையும் அளவும் ஆகும்.

நாம் ‘பவுன்’ என்று வழங்கும் சொல்லே இந்த ஆங்கிலப் பவுன் காசிலிருந்து வந்ததுதான். இன்று கடைகளில் பவுன் என்றால் 8 கிராம். உண்மையான சாவரின் காசின் எடையோ 7.988 கிராம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இருபத்திரண்டு காரட், அதாவது இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பு. பம்பாயில் 1918ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட சுமார் 13 இலட்சம் சாவரின்களுக்கும் இதே அளவுதான்.

எடை, குறுக்களவு, கனம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும் என்பதே இங்கு முக்கியம். பொன் மிகக் கனமான உலோகம். மலிவான உலோகத்தில் காசு செய்பவன் எடையைச் சரிக்கட்டினால் காசு பெரிதாகவோ தடிப்பாகவோ போய்விடும். அளவைச் சரிக்கட்டினால் எடை குறைந்துவிடும். இரண்டையும் ஒருங்கே சரிக்கட்டுவது அவனுக்கு எளிதன்று.

சங்கத்தில் நகைக் கடனுக்குரிய மின் தராசு இருந்தது. கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டுவது. பட்டறைக்காரர் ஒருவர் தம் வெர்னியர் அளவியைக் கொண்டுவந்தார். இரண்டு காசுகளும் குறுக்களவில் ஏறத்தாழ ஒன்றே, 22 மில்லிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் விளிம்பு பொருந்தியது. இளையவரின் முகத்தில் சிறிது நம்பிக்கை தோன்றியது. பிறகு தராசில் வைத்தோம். மூத்தவரின் காசு 7.97 கிராம். இளையவரின் காசு 4.5 கிராம். அகலம் ஒன்றாக இருந்தும், எடை பாதிக்குச் சற்றே மேல். திண்ணையில் இருந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை.

பழங்காசு தேய்ந்து எடை சிறிது குறையலாம். சாவரின் 7.94 கிராமுக்குக் கீழே தேய்ந்துவிட்டால் இங்கிலாந்தில் அக்காலத்திலேயே அதைச் செல்லாக்காசாகக் கருதினர். எனவே ஏழரைக் கிராம் என்று தராசு காட்டினால் அதைத் தேய்மானம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாகாது. அவ்வாறே 8 கிராமைத் தெளிவாகத் தாண்டினாலும் ஐயுறவேண்டும். காசில் வளையம் பற்றவைத்திருந்தால், அதன் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீரில் இடும் சோதனை

மூன்றாம் படி, ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்டறிந்த தத்துவத்தைப் பின்பற்றியது. ஒரு பொருளை நீரில் அமிழ்த்தினால், அது விலக்கும் நீரின் எடை அளவுக்கு அப்பொருளின் எடை குறைந்து தோன்றும். இதை வீட்டிலேயே செய்யலாம். நூற்றில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு மின் தராசின்மேல் ஒரு சிறிய நீர்க் குவளையை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட வேண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும்.

சுத்தப் பொன்னின் அடர்த்தி 19.3. இருபத்திரண்டு காரட் சாவரினுக்கு ஏறத்தாழ 17.5. வெள்ளிக்கு 10.5. செம்புக்கு 9. பித்தளையும் வெண்கலமும் பொதுவாக 9-க்குக் கீழேதான்.

மூத்தவரின் காசை நீரில் தொங்கவிட்டபோது தராசு 0.46 காட்டியது. 7.97-ஐ 0.46-ஆல் வகுத்தால் 17.3. நூற்றில் ஒரு பங்கு முன்பின் இருந்தாலும் இந்த விடை சற்று மாறுமாகையால், இது பொருந்துவதே. இளையவரின் காசுக்கு 0.56, வகுத்தால் விடை 8. கணக்கை இளையவரின் மகனைக் கொண்டே போடச் செய்தேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பிள்ளை இரண்டு முறை வகுத்துப் பார்த்துவிட்டு, “எட்டுதான் அப்பா” என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

இச்சோதனையையும் ஏமாற்ற வழி இல்லாமல் இல்லை. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி சுத்தப் பொன்னுக்கு மிக அருகில் உள்ளது; அதன்மேல் பொன் முலாம் பூசி விற்பவர்கள் உண்டு. ஆகவே நீர்ச் சோதனையில் தோற்ற காசு பொன் அன்று என்று துணிந்து சொல்லலாம். வென்ற காசை மேலும் சோதித்த பின்னரே பொன் எனலாம்.

காந்தமும் உரைகல்லும்

காந்தத்தைக் காட்டினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். காந்தம் இழுத்தால் உள்ளே இரும்போ நிக்கலோ உண்டு. அது பொன் அன்று. ஆனால் காந்தம் இழுக்காமையால் பொன் என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, வெள்ளி, அலுமினிய வெண்கலம் எவற்றையும் காந்தம் இழுப்பதில்லை. பல்லால் கடித்துப் பார்ப்பது காசுக்கும் பல்லுக்கும் கேடே தவிர வேறில்லை.

உரைகல் நம் நாட்டின் பழைய சோதனை. ஆசாரியார் காசைக் கல்லில் தேய்த்து, பக்கத்தில் மாற்று அறிந்த ஊசியின் கோட்டை இட்டு, திராவகம் தடவி, எந்தக் கோடு எவ்வளவு கரைகிறது என்று ஒப்பிடுவார். கைதேர்ந்தவர் கண்ணுக்கு இது நல்ல சாட்சி. ஆயினும் கல்லில் படிவது மேற்பரப்பே ஆதலால், தடித்த முலாம் ஏமாற்றக்கூடும். காசின் ஓரத்திலும் சிறு கீறல் விழும். திராவகம் கடுமையானது, அதை வீட்டில் வாங்கிவைத்துச் சோதிக்க முற்படலாகாது.

இக்காலத்தில் எக்ஸ் கதிர் கொண்டு மாற்றுப் பார்க்கும் கருவி பல நகரங்களில் உள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்து, பொன் எத்தனை பங்கு, செம்பு எத்தனை பங்கு என்று எழுத்திலேயே பெறலாம். காசுக்குச் சேதம் இல்லை. இக்கருவியும் மேற்பரப்பையே படிக்கிறது என்பதால், எடை, அளவு, நீர்ச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே இதன் முடிவைக் கொள்ள வேண்டும். எல்லாம் ஒன்றையே சொன்னால் ஐயத்துக்கு இடமில்லை. பழங்காசில் ஹால்மார்க் முத்திரை இல்லையே என்று எவரும் கலங்க வேண்டுவதில்லை. அது அண்மைக்காலத்து ஏற்பாடு. நகைகளுக்கு அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கத் தொடங்கியதே 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான்.

ஓர் எச்சரிக்கை: பழங்காசைப் புளியிட்டோ, சாம்பலிட்டோ துலக்கக்கூடாது. சில காசுகளுக்கு அவற்றின் பொன்னைவிட, பழமைக்காகச் சேகரிப்போர் தரும் விலை மிகுதி. துலக்கிய காசுக்கும் வளையம் பற்றவைத்த காசுக்கும் அந்த விலை குறைந்துவிடும். காசைத் தனியே பிறர் கையில் கொடுத்துவிட்டு வரவும் கூடாது. முதலில் எடை போட்டு எழுதிவைத்துக்கொண்டு, கண்ணெதிரே சோதிக்கச் செய்து, திரும்ப வாங்கும்போது மறுபடியும் எடை போட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தை சொன்னது

சோதனை முடிந்ததும் இளையவர், “பார்த்தீர்களா ஐயா, நான் சொன்னது சரிதானே?” என்றார். மூத்தவர் தலைகுனிந்திருந்தார். அப்போதுதான் அத்தை வாய் திறந்தார்.

“அண்ணன் காரியம் முடிந்து முடிச்சை அவிழ்த்தபோது நான் அங்கேதான் இருந்தேன். உனக்கு எது வேண்டும் என்று உன் அண்ணன் கேட்டான். நீதான் பளபளப்பாக இருந்ததை எடுத்துக்கொண்டாய். உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கிப் பூசையில் வைத்த காசு அது. உன் அப்பா ஒருநாளும் அதைத் தங்கம் என்று சொன்னதில்லை. நெசவாளர் சங்கத்தில் சேர்ந்து முதன்முதல் வாங்கின கூலியில் வந்த காசு என்றுதான் எடுத்து வைத்தார். மற்றது எங்கள் அம்மாவின் காசுமாலையில் இருந்தது.”

இளையவர் வெகுநேரம் பேசவில்லை. ஏமாற்றியவர் எவரும் இல்லை. தகப்பனார் இரண்டு காசுகளை இரண்டு காரணங்களுக்காக வைத்திருந்தார். காரணத்தை அவர் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகள் பங்கிட்டபோது ஒரு தராசைத் தேடவில்லை. அந்த இடைவெளியில்தான் ஊர்ப்பேச்சு புகுந்துகொண்டது.

ஆயினும், பங்கு சமமாக இல்லை என்பது உண்மைதானே? அதை மூத்தவரே சொன்னார். “தெரியாமல் பிரித்தோம், தெரிந்த பிறகும் அப்படியே விடுவது சரியில்லை” என்றார். தாயார் வழிக் காசை விற்க இருவருக்கும் மனமில்லை. ஆகவே ஹால்மார்க் மையத்தில் அதன் மாற்றை உறுதிசெய்து, அன்றைய விலையில் பாதியைத் தம் கூலியிலிருந்து மாதத் தவணையாகத் தம்பிக்குக் கொடுப்பதாக மூத்தவர் எழுதிக் கையொப்பமிட்டார். சங்கச் செயலாளரும் அத்தையும் சாட்சி. இளையவருக்கு நகைக் கடன் கிட்டாவிட்டாலும், அவர் பயிர்க் கடனுக்குத் தகுதி உடையவராக இருந்தார். அதற்கு அன்றே விண்ணப்பம் எழுதினோம். விதைச் செலவுக்கு அக்கடனும், மோட்டார் பழுதுக்கு அண்ணன் கொடுத்த முதல் தவணையும் உதவின. காந்தி முகம் பொறித்த காசு மீண்டும் அவர் பூசை மாடத்துக்கே சென்றது. இப்பொழுது அது என்ன உலோகம் என்று அவருக்குத் தெரியும். யாருடைய முதற்கூலி என்றும் தெரியும்.

அங்கத்தினர்களுக்கு

அன்பார்ந்த அங்கத்தினர்களே! உங்கள் வீட்டில் முடிந்துவைத்த காசு இருக்குமாயின், அதை அவசரம் வருமுன்னரே அவிழ்த்துப் பாருங்கள். எழுத்தைப் படியுங்கள், எடை போடுங்கள், அகலமும் கனமும் அளந்து எழுதிவையுங்கள், நீரில் தொங்கவிட்டு வகுத்துப் பாருங்கள், பொன் என்று தோன்றினால் மையத்தில் சோதித்து எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகே அதை நம்பிக் கலியாணத்துக்கு நாள் குறிக்கலாம். கடனுக்கு வாக்குக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கலாம். காசு யாருடையது, எப்போது, எப்படி வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அதே துணியில் முடிந்துவையுங்கள்.

சங்கத்தின் கணக்கில் ஒரு ரூபாய் கூடக் குறையக் கூடாது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே கண்டிப்பை வீட்டுப் பெட்டிக்கும் காட்டினால், உடன்பிறந்தார் இருவர் சங்கத் திண்ணையில் நின்று வழக்காட வேண்டிய நிலை வராது. காசைச் சோதிப்பது, அதை வைத்த பெரியவரை ஐயுறுவதாகாது. அவர் நமக்காக எதை வைத்தார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வதே ஆகும்.